நாயுருவி: ஆடையில் ஒட்டிவரும் செடியை அறிவோம்

மழை ஓய்ந்ததும் விளைகளிலும் மதில் ஓரங்களிலும் யாரும் விதைக்காமல் வளர்ந்து நிற்கும் செடிகளில் ஒன்று நாயுருவி. மலையாளத்தில் இதைக் கடலாடி என்பார்கள். மதரஸா விட்டு ஒற்றையடிப் பாதையில் வரும் பிள்ளைகளின் உடுப்பிலும், பெரியவர்களின் சாரத்தின் ஓரத்திலும் குத்திக்கொண்டு வருவது பெரும்பாலும் இதன் விதைதான். தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழையும் நம் மாவட்டத்துக்குக் கிடைப்பதால் இதற்கு இங்கே ஆண்டில் இரண்டு முறை நல்ல வளர்ச்சி.

அடையாளம் காண்பது எப்படி?

1. தண்டு உருண்டையாக இராது. கோணங்களும் வரிகளும் கொண்டிருக்கும். கணுக்கள் சற்றுப் புடைத்திருக்கும்.

2. இலைகள் கணுவுக்கு இரண்டாக, எதிரெதிரே அமையும்.

3. நுனியில் நீண்ட கதிர் வரும். முற்றிய கதிர் ஒன்றரை அடிக்கு மேலும் நீளும். பூக்கள் மிகச் சிறியவை. வெண்மை கலந்த பச்சை நிறம்.

4. பூ காயாகும்போது கீழ்நோக்கி மடிந்து தண்டோடு ஒட்டிக்கொள்ளும். முற்றிய கதிரை மேலிருந்து கீழாக மெல்லத் தடவினால் வழுக்கும். கீழிருந்து மேலாகத் தடவினால் குத்தும்.

விதைகள் பஞ்சுருண்டை போல உருண்டையாகத் திரண்டு ஒட்டினால் அது நாயுருவி அல்ல. அடையொட்டி என்னும் அதன் உறவுச்செடி. இவை எல்லாம் தண்டுக்கீரையின் குடும்பத்தைச் சேர்ந்தவை.

ஏன் ஒட்டுகிறது?

செடியால் நடக்க முடியாது. அதன் விதைக்குப் பயணம் வேண்டும். ஒவ்வொரு காயின் அடியிலும் முள் போன்ற கூர்மையான சிறு செதில்கள் உள்ளன. ஆடோ நாயோ மனிதரோ உரசிச் சென்றால் காய் கழன்று உடன் செல்கிறது. ஐரோப்பாவில் இப்படி ஒட்டும் வேறொரு செடியின் காய், தன் நாயின் ரோமத்தில் சிக்கியதைப் பார்த்துத்தான் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் வெல்க்ரோ பட்டையை உருவாக்கினார். பிள்ளைகளின் செருப்பில் இருக்கும் ஒட்டுப்பட்டை அதுதான்.

மருந்து என்று கேள்விப்பட்டால்

நாயுருவி சித்த, ஆயுர்வேத மருத்துவத்தில் இடம்பெற்ற மூலிகை என்பது உண்மை. பவுத்திரத்துக்கு ஆயுர்வேத மருத்துவர்கள் பயன்படுத்தும் கார நூலில் கள்ளிப்பால், நாயுருவிச் சாம்பலிலிருந்து எடுத்த காரம், மஞ்சள் மூன்றையும் மாறிமாறிப் பூசுகிறார்கள். அந்த நூல் சதையையே மெல்ல அறுக்கும். இத்தனை வீரியமுள்ள பொருளைப் பக்கத்து வீட்டார் சொன்னார்கள் என்றோ, கைப்பேசியில் செய்தி வந்தது என்றோ அரைத்துக் குடிக்கலாமா?

கர்ப்பிணிகள் இதை எவ்வகையிலும் உட்கொள்ளக் கூடாது. எலிகளில் நடந்த ஆய்வுகளில் இச்செடியின் சாறு கருவைப் பாதித்திருக்கிறது. இதன் வேரைக் கருக்கலைப்புக்குப் பயன்படுத்தும் பழக்கம் கிராமங்களில் இருந்ததுண்டு. அதனால் வரும் இரத்தப்போக்கும் கிருமித்தொற்றும் தாயின் உயிரையே பறிக்கும். உங்கள் வீட்டில் யாருக்கேனும் இப்படி யோசனை சொல்லப்பட்டால், வெட்கம் பார்க்காமல் அவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

இதன் வேரால் பல் துலக்கும் வழக்கமும் உண்டு. ஆனால் மிஸ்வாக் என்று நாம் வாங்குவது உகா மரத்தின் குச்சி, இரண்டும் ஒன்றல்ல.

களையெடுக்கும்போது

கதிர் முற்றும் முன், மண் ஈரமாக இருக்கையில் வேரோடு பிடுங்குங்கள். மேலாக வெட்டினால் அடிவேரிலிருந்து மீண்டும் துளிர்க்கும். கதிர் முற்றிவிட்டால் முதலில் அதை வெட்டிச் சாக்கில் போட்டபின் செடியைப் பிடுங்குங்கள். ஆடையில் ஒட்டிய விதையை முற்றத்தில் உதறினால் அடுத்த மழைக்கு நாமே விதைத்தவர்களாவோம், குப்பைக்கூடையில் போடுங்கள்.

பிள்ளைகளுக்குப் பயிற்சி

மாலையில் விளையைச் சுற்றி வந்தபின் ஆடையில் ஒட்டியவற்றை ஒரு தாளில் எடுத்து வையுங்கள். எத்தனை வகை? எது குத்துகிறது, எது கொக்கி போடுகிறது? நாயுருவி எது என்று பெரியவர்களுக்குக் காட்டுங்கள். எதையும் வாயில் வைக்க வேண்டாம். முடிந்ததும் கை கழுவுங்கள்.