இரண்டே நகர்த்தலில் மேட்: கம்ப்யூட்டரில் செஸ் புதிரை ரசிப்பது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் தேடும் விளையாட்டுகளில் செஸ் ஒன்று. 2022ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தது. 2024ல் சென்னையைச் சேர்ந்த குகேஷ் உலக சாம்பியன் ஆனார். அதன் பிறகு கேட்கவே வேண்டாம். மதுரை கோச்சடையில் எங்கள் தெருவிலேயே பள்ளிவிட்டு வந்ததும் மவுஸைப் பிடித்துக்கொண்டு செஸ் ஆடும் பிள்ளைகள் நாலைந்து பேர் இருக்கிறார்கள்.

ஆனால், கம்ப்யூட்டரோடு ஆடினால் பெரும்பாலும் தோல்விதான். பத்து ஆட்டம் தோற்றதும் சலித்துவிடும். அப்படிச் சலித்தவர்களுக்கு நான் சொல்லும் மாற்றுவழி, செஸ் புதிர். இதில் கம்ப்யூட்டர் உங்கள் எதிரி அல்ல, விடைத்தாள் திருத்தும் வாத்தியார். இந்த மாதம் ஒரு சிறிய புதிரை வைத்துக்கொண்டு இதைப் பார்ப்போம்.

ஆட்டம் வேறு, புதிர் வேறு

ஆட்டத்தில் எப்படியாவது ஜெயித்தால் போதும். நாற்பது நகர்த்தல் ஆனாலும் கேள்வியில்லை. புதிரில் அப்படி முடியாது. "வெள்ளை ஆடி இரண்டு நகர்த்தலில் மேட்" என்று சொன்னால், வெள்ளையின் இரண்டாவது நகர்த்தலில் மேட் ஆகியே தீரவேண்டும். கருப்பு என்ன பதில் ஆடினாலும் தப்பக்கூடாது. வெள்ளையின் சரியான முதல் நகர்த்தலும் ஒன்றே ஒன்றுதான் இருக்கவேண்டும். இரண்டு இருந்தால் புதிர் பழுது.

இதில் வரும் நிலைகள் யாரோ ஆடிய ஆட்டத்தில் தானாக வந்தவை அல்ல. ஒருவர் உட்கார்ந்து, ஒரு யோசனையை மனதில் வைத்து, ஒவ்வொரு காயாக அடுக்கிச் செய்தவை. ஒன்பதாம் நூற்றாண்டிலேயே அரபு நாடுகளில் இத்தகைய புதிர்களைத் தொகுத்திருக்கிறார்கள். அவற்றுக்கு மன்சூபா என்று பெயர்.

பலகையை அடுக்குங்கள்

கீழே உள்ளது இந்தப் பாடத்துக்காக நான் அமைத்த எளிய புதிர். மொத்தம் எட்டே காய்கள். பலகையில் இடமிருந்து வலமாக ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச். கீழிருந்து மேலாக 1 முதல் 8. வெள்ளை கீழிருந்து மேலே போகிறது.

வெள்ளை: ராஜா எஃப்8, யானை ஏ2, மந்திரி ஏ1, சிப்பாய்கள் ஏ3, இ2, ஜி5.
கருப்பு: ராஜா எச்7, சிப்பாய் ஜி6.
கேள்வி: வெள்ளை ஆடி இரண்டு நகர்த்தலில் மேட்.

கம்ப்யூட்டரில் அடுக்கும் முறை:

1. பிரவுசரைத் திறந்து லிச்செஸ் என்ற இணையதளத்துக்குப் போங்கள். இது இலவசம், விளம்பரமும் கிடையாது.
2. கருவிகளுக்கான மெனுவில் 'போர்டு எடிட்டர்' என்பதைக் கிளிக் செய்யுங்கள்.
3. 'கிளியர் போர்டு' கொடுத்தால் பலகை காலியாகும். பிறகு மேலே கொடுத்த காய்களை மவுஸால் இழுத்து அந்தந்தக் கட்டத்தில் விடுங்கள்.
4. வெள்ளை ஆடவேண்டும் என்பதைத் தேர்வு செய்யுங்கள்.
5. 'அனாலிசிஸ் போர்டு' என்பதைக் கிளிக் செய்யுங்கள். இனி இரு பக்கக் காய்களையும் நீங்களே நகர்த்தலாம்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். அந்தப் பக்கத்தில் ஸ்டாக்ஃபிஷ் என்ற எஞ்சினை இயக்கும் சுவிட்ச் இருக்கும். அதை இப்போது தொடாதீர்கள். தொட்டால் கண் இமைக்கும் நேரத்தில் விடை வந்துவிடும். பிறகு உங்களுக்கு மிச்சம் எதுவும் இருக்காது. முதலில் பத்து நிமிடம் பலகையைப் பாருங்கள். இதற்கு மேல் படிப்பதையும் அதுவரை நிறுத்தி வைக்கலாம்.

எங்கே சிக்கல்?

கருப்பு ராஜாவைக் கவனியுங்கள். அது எச்7ல் நிற்கிறது. ஜி8, ஜி7 இரண்டையும் வெள்ளை ராஜா காக்கிறது. எச்6ஐ ஜி5 சிப்பாய் காக்கிறது. ஜி6ல் அதன் சொந்தச் சிப்பாயே நிற்கிறது. மீதி எச்8. அதை ஏ1ல் இருக்கும் மந்திரி மூலைவாட்டில் பலகையின் அந்தக் கோடியிலிருந்து காக்கிறது. கருப்புச் சிப்பாயும் நகர முடியாது, முன்னால் ஜி5 மறிக்கிறது.

அதாவது கருப்புக்கு ஆட ஒரு நகர்த்தலும் இல்லை. நம் ஊர் ஆடுபுலி ஆட்டமாக இருந்தால் புலியை அடைத்தாயிற்று, ஆடுகளுக்கு வெற்றி. செஸ்ஸில் அப்படி இல்லை. செக் இல்லாமல் ராஜா அடைபட்டு, நகர வேறு காயும் இல்லையென்றால் அது ஸ்டேல்மேட், ஆட்டம் டிரா. ஆகவே வெள்ளை சும்மா ஒரு நகர்த்தல் செய்தால் கையில் இருந்த வெற்றி போய்விடும்.

சரி, முதல் நகர்த்தலிலேயே யானையால் மேட் செய்ய முடியாதா? ஏ7க்குப் போனால் மேட்தான். ஆனால் ஏ3 சிப்பாய் வழியை மறிக்கிறது. எச்2க்குப் போனாலும் மேட்தான். இ2 சிப்பாய் அங்கே மறிக்கிறது.

விடை

1. யானை பி2!

பார்த்தால் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். நம் மந்திரியின் கோட்டை நம் யானையே மறைக்கிறது. எச்8 திறந்துகொள்கிறது. கருப்பு ராஜாவுக்கு வேறு கட்டம் இல்லை, எச்8க்குத்தான் போகவேண்டும்.

2. யானை பி7, மேட்.

யானை விலகியதும் மந்திரி செக் கொடுக்கிறது. ராஜா எச்7க்குத் திரும்பலாம் என்றால், ஏழாவது வரிசையில் வந்து நிற்கும் யானை அதைக் காக்கிறது. அடைத்த கதவை நாமே திறந்துவிட்டோம். வெளியே வந்தவனைப் பிடிக்க அதே கதவின் பின்னால் ஆள் நிற்கிறது. புதிரின் அழகு இந்த மறைப்பில்தான் இருக்கிறது.

இப்போது எஞ்சினை இயக்குங்கள்

சுவிட்சைப் போட்டால் இரண்டு நகர்த்தலில் மேட் என்றும், யானை பி2 என்றும் ஸ்கிரீனில் தெரியும். விடை சரி என்று உறுதியாகிவிட்டது. ஆனால் ஏன் சரி என்று எஞ்சின் சொல்லாது. அதைத் தெரிந்துகொள்ள நான் எல்லோருக்கும் சொல்லும் பயிற்சி இதுதான்: எடிட்டருக்குத் திரும்பி, ஒவ்வொரு காயாக எடுத்துவிட்டுப் பாருங்கள்.

- இ2 சிப்பாயை எடுத்தால்: யானை எச்2க்குப் போய் ஒரே நகர்த்தலில் மேட். புதிர் செத்தது.
- ஏ3 சிப்பாயை எடுத்தால்: யானை ஏ7, அதுவும் ஒரே நகர்த்தலில் மேட்.
- ஜி5 சிப்பாயை எடுத்தால்: கருப்பு ராஜாவுக்கு எச்6 கிடைத்துவிடும்.
- கருப்பின் ஜி6 சிப்பாயை எடுத்தால்: ராஜா அந்த வழியாகவே வெளியேறும்.
- மந்திரியை ஏ1லிருந்து பி2க்கு மாற்றினால்: இரண்டு நகர்த்தலில் விடையே கிடையாது. யானை அதன் முன்னால் வந்து மறைக்க வழியில்லை.

முதலில் பார்க்கும்போது ஏ3ம் இ2ம் வெறுமனே நிற்பதாகத்தான் தோன்றும். எடுத்துப் பார்த்த பிறகுதான் அவற்றின் வேலை புரியும். நல்ல புதிரில் சும்மா நிற்கும் காய் இருக்காது. வெற்றிக்கு உதவும் காய் மட்டுமல்ல, வேறு விடை வராமல் தடுக்கும் காயும் அங்கே வேலை செய்கிறது.

இந்தியாவின் பெயர் தாங்கிய புதிர்

மந்திரியை மறைத்துத் திறக்கும் இந்த யோசனை என்னுடையது அல்ல. உலகெங்கும் இதற்கு 'இந்தியப் புதிர்' என்று பெயர். 1845ல் ஹோவர்டு ஸ்டான்டன் நடத்திய ஆங்கில செஸ் பத்திரிகையில் இந்தியாவிலிருந்து வந்த ஒரு புதிர் வெளியானது. அனுப்பியவர் 'ஷாகிர்த்', அதாவது மாணவர், என்ற புனைபெயர் வைத்திருந்தார். அவர் டெல்லியில் இருந்த ஹென்றி அகஸ்டஸ் லவ்டே என்ற பாதிரியார்.

அவருடைய புதிர் நான்கு நகர்த்தலில் மேட். அதில் மந்திரி முதலில் டி2 கட்டத்தைத் தாண்டிப் பின்னால், சி1 வரை போய்விடும். பார்ப்பவருக்கு எதற்கென்றே புரியாது. பிறகு யானை அந்த டி2க்கு வந்து கோட்டை மறைக்கும். அடைபட்டிருந்த ராஜா வெளியே வரும். யானை டி4க்கு விலக, இரட்டைச் செக்கில் மேட். சற்றுமுன் மந்திரியை பி2க்கு மாற்றிப் பார்த்தீர்கள் அல்லவா? மந்திரி மறைக்கும் கட்டத்துக்குப் பின்னால் இருந்தால்தான் இந்த வித்தை பலிக்கும். லவ்டே அந்தப் பின்வாங்கலையே புதிராக்கினார்.

லவ்டே அடுக்கிய நிலையில் குறை உண்டு. வேறு வழிகளிலும் விடை வரும். அன்று சரிபார்க்க எஞ்சின் இல்லை. ஆனாலும் யோசனை நிலைத்தது. 1903ல் ஜெர்மனியைச் சேர்ந்த கோட்ஸ், கோக்கல்கோர்ன் இருவரும் இந்த ஒரு புதிரின் யோசனையை வைத்துத் தனிப் புத்தகமே எழுதினார்கள்.

இதிலிருந்து கம்ப்யூட்டரின் இடம் எது என்பது தெளிவாகும். பிழை கண்டுபிடிப்பதில் அதை மிஞ்ச ஆளில்லை. புதிர் அமைப்பவர்கள் இதற்காகவே பாப்பாய் என்ற இலவச சாப்ட்வேரைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் யானையை வைத்து மந்திரியை மறைத்தால் என்ன என்று லவ்டேக்குத் தோன்றியது, கம்ப்யூட்டர் என்ற பொருளே இல்லாத காலத்தில். 1977 முதல் நடந்துவரும் உலகப் புதிர் விடுவிப்புப் போட்டியிலும் பலகை, காய், பென்சில், கடிகாரம் மட்டும்தான்.

வீட்டில் பழக மூன்று விதிகள்

1. ஒரு நாளைக்கு ஒரு புதிர் போதும். இரண்டு நகர்த்தல் புதிர்களில் தொடங்குங்கள்.
2. எஞ்சினைத் தொடும் முன் உங்கள் விடையையும், கருப்பின் ஒவ்வொரு பதிலுக்கும் மேட்டையும் ஒரு தாளில் எழுதுங்கள்.
3. விடை தெரிந்ததும் ஜன்னலை மூடிவிடாதீர்கள். காய்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். பாதி ரசனை அங்கேதான் இருக்கிறது.

இந்த மாதப் பயிற்சி: மேலே உள்ள புதிரில் வெள்ளை ராஜாவை எஃப்8லிருந்து எஃப்7க்கு நகர்த்தி வையுங்கள். கருப்பு ராஜா இப்போதும் அடைபட்டுத்தான் இருக்கிறது. ஆனால் யானை பி2, ராஜா எச்8க்குப் பிறகு யானை பி7க்குப் போனால் மேட் ஆகுமா? ஏழாவது வரிசையை எச்7 வரை விரலால் தொட்டுக்கொண்டே போங்கள், விடை கிடைக்கும். எஞ்சினைக் கேட்பது அதற்கு அப்புறம்.