டேப் கையில் வாங்கும் ஏஎன்எம் பெண்களுக்கு

ஆந்திராவில் நகரி, சத்தியவேடு பக்கத்து ஊர்களில் வருஷக்கணக்காக வீடு வீடாக ஏறி இறங்கிய கிராமச் செவிலி நான். புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் உங்களுக்குச் சொல்ல இவ்வளவு இருக்கிறது.

1. முதலில் கண் இமையைக் கீழே இழுத்துப் பாருங்கள், காலை அழுத்திப் பாருங்கள். திரை அப்புறம்.

2. கடைசியாகத் தலைக்கு ஊற்றிய தேதி, அதாவது கடைசி மாதவிடாயின் முதல் நாள், பாதிப் பேருக்கு நினைவிருக்காது. "தெரியலையே அக்கா" என்பாள். உத்தேசமாக ஒன்றாம் தேதி போட்டுவிடாதீர்கள். திருப்பதி கங்கம்மா ஜாத்திரைக்கு முன்னாலா, பின்னாலா? திருத்தணி ஆடிக் கிருத்திகைக்குக் காவடி பார்க்கப் போனாயா, அன்று குளித்திருந்தாயா? இப்படிக் கேட்டால் வந்துவிடும். அந்தத் தேதியிலிருந்து 280 நாள் எண்ணித்தான் டேப் பிரசவ நாள் சொல்கிறது. நாம் தப்பாகப் போட்டால் அதுவும் தப்பாகவே எண்ணும், கேள்வி கேட்காது.

3. அளக்காத பிபியை எழுதாதீர்கள். கட்டம் காலியாக இருந்தால் மேலே கேட்பார்கள் என்று 120/80 போடும் கையை எனக்குத் தெரியும். ஒருமுறை என் கையே போட்டது. அந்தப் பெண்ணுக்கு எட்டாம் மாதம். மறுவாரம் தலைவலி, முகமெல்லாம் வீக்கம், 160க்கு மேல். 108இல் ஏற்றினோம், பிழைத்தாள். முந்தின வாரத்து 120/80 மட்டும் இன்னும் என் லாகினில் இருக்கிறது.

4. தெலுங்கில் வீட்டுப்பெயர் முதலில் வரும். நம் தமிழ்ப் பெண்ணுக்கோ அப்பாவின் இனிஷியல். ஒரே பெண் இரண்டு பேராகிவிடுவாள். ஆதாரில் இருப்பதைப் பார்த்தே அடியுங்கள்.

5. தலைப்பிரசவத்துக்கு நகரிப் பெண் திருத்தணிக்கும், குப்பம் பெண் கிருஷ்ணகிரிக்கும் தாய்வீடு போவாள். அங்கே தமிழ்நாட்டின் கர்ப்பப் பதிவு எண்ணான பிக்மி எண் கேட்பார்கள். ஏழாம் மாதமே தாய்சேய் அட்டையில் எல்லாவற்றையும் பேனாவால் எழுதிக் கொடுத்தனுப்புங்கள்.

6. நோட்டை எறியாதீர்கள். 1990களிலேயே ராஜஸ்தான் அஜ்மீரில் ஏஎன்எம்களுக்கு ஆப்பிளின் நியூட்டன் கருவியைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1998இல் அந்தக் கருவியே நின்றுபோனது. நமக்கு 2016இல் டேப்பில் அன்மோல் செயலி வந்தது. நாளைக்கு இன்னொன்று வரும்.

7. சிக்னல் இல்லாத ஊரிலும் அன்மோலில் பதியலாம். ஆனால் வீடு திரும்பியதும் சிங்க் செய்துவிட்டுத்தான் சாதம் வடிக்க வேண்டும். மழைக்கு ஒரு பிளாஸ்டிக் உறை, ஒரு பவர் பேங்க். தடுப்பூசி கேரியரில் மட்டும் டேப்பை வைத்துவிடாதீர்கள். ஐஸ் பேக் உருகி நனைந்துபோன டேப்பை நான் பார்த்திருக்கிறேன்.