ஆணிகளைப் பிடுங்கிய பிறகு

"வீடு நல்லா இருக்கு மேடம். ஆனா யாரோ குடியிருக்கிற வீட்டுக்கு விருந்தாளியா வந்துட்டுப் போற மாதிரியே இருக்கு."

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கைக்குழந்தையோடு வீடு பார்க்க வந்த பெண் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னது இது. சென்னை நங்கநல்லூரில் அம்மா முப்பது வருடம் வாழ்ந்த வீடு. 1993இல் கட்டிய அடுக்ககத்தில் முதல் மாடி, 850 சதுர அடி, இரண்டு படுக்கையறை. ஆனிக் கடைசியில் அம்மாவைத் தம்பி கோயம்புத்தூருக்கு அழைத்துக்கொண்டு போனான். ஆடியில் யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள் என்று பேசாமல் இருந்தோம். ஆவணியில் ஏழு குடும்பங்கள் வந்து பார்த்தன, புரட்டாசியில் நான்கு. ஒருவரும் திரும்பக் கூப்பிடவில்லை. "வாடகையில ஆயிரம் குறைங்கம்மா, உடனே போயிடும்" என்றார் தரகர். குறைக்கவும் தயாராகத்தான் இருந்தேன், அந்தப் பெண் அப்படிச் சொல்லும்வரை.

அன்று சாயங்காலம் வீட்டைப் பூட்டாமல், வாசலுக்கு வெளியே போய் நின்று, முதல்முறை வருகிறவள் போல உள்ளே வந்தேன். நேர் எதிரே மாலையோடு அப்பாவின் படம். பக்கத்தில் மூன்று வருடத்து நாட்காட்டிகள். ஷோகேஸில் எங்கள் பள்ளிக் கோப்பைகள், கொலு பொம்மைகள். கதவுக்குப் பின்னால் அம்மாவின் பைகள். எண்ணிப் பார்த்தேன், சுவர்களில் மொத்தம் 63 ஆணிகள். ஒவ்வொன்றும் எதற்கு அடித்தது என்று எனக்குத் தெரியும். வருகிறவர்களுக்கு அது தெரிய வேண்டியதில்லை. தங்கள் கட்டில் எங்கே, பிள்ளை எங்கே உட்கார்ந்து படிக்கும், குக்கரை எங்கே வைப்பது என்று மனசுக்குள் குடித்தனம் நடத்திப் பார்க்கத்தான் அவர்கள் வருகிறார்கள். அதற்கு நாங்கள் இடமே விடவில்லை.

அப்பாவின் படத்தை முதலில் இறக்கினேன். மற்ற வேலைகளை எல்லாம் சேர்த்தாலும் அதற்குத்தான் அதிக நேரம் ஆனது.

பூஜை அலமாரியைப் பற்றி ஒரு வார்த்தை. படங்களை எடுத்ததோடு விடக்கூடாது. எண்ணெய்ப் பிசுக்கையும் விளக்குப் புகையின் கறுப்பையும் சுரண்டித் துடைத்து, வெறும் தட்டாக விட வேண்டும். வருகிறவர் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவராகவும் இருக்கலாம். கும்பிடாதவர் அங்கே புத்தகம் அடுக்கட்டும்.

அடுத்தது வாடை. பூட்டிக் கிடக்கும் வீட்டில் ஒரு சாக்கடை நாற்றம் வருமே, குழாய் உடைந்துவிட்டதோ என்று நான் பயந்திருந்தேன். பிளம்பர் ஒரு வாளித் தண்ணீரில் தீர்த்துவைத்தார். குளியலறைத் தரையில் தண்ணீர் இறங்கும் ஜாலிக்கு அடியில், நஹானி டிராப் என்பார்கள், அதன் வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். கழிவறைப் பீங்கானிலும் அப்படியே. கீழேயிருந்து வாடை ஏறாமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். வாரக்கணக்கில் யாரும் புழங்காவிட்டால் அது வற்றிவிடும். ஞாயிறுதோறும் ஒவ்வொரு ஜாலியிலும் ஒரு சொம்பு ஊற்றினால் போதும். நான் அதுவரை ஊதுவத்தி கொளுத்திக்கொண்டிருந்தேன். ஊதுவத்தியும் சாக்கடையும் கலந்த வாடையை முகர்ந்துதான் அந்தப் பதினொரு குடும்பங்களும் போயிருக்கின்றன.

இப்போது நான் வெட்கப்படும் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாவது படுக்கையறையும் குளியலறையும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்பவை. அந்தச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்து, பெயின்ட் உரிந்து கிடந்தது. அதை மறைக்கத்தான் ஸ்டீல் பீரோவை அங்கே நகர்த்தியிருந்தேன். புரட்டாசியில் மகளோடு வந்த ஒரு பெரியவர் ஒன்றும் பேசாமல் பீரோவுக்குப் பின்னால் கையை விட்டார். விரல்களில் வெள்ளைத் தூள். "இதுமேல பெயின்ட் அடிச்சா மூணு மாசம் தாங்கும்மா. பாத்ரூம் பைப்பைப் பாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது.

அவர் சொன்னது சரி. சுவருக்குள் போன பழைய இரும்புக் குழாய் கசிந்துகொண்டிருந்தது. ஈரம் செங்கல்லில் ஏறும்போது அதிலிருக்கும் உப்பைக் கரைத்துக்கொண்டு வரும். மேற்பரப்பில் தண்ணீர் ஆவியாகப் போக, உப்பு மட்டும் தங்கிப் பெயின்டைத் தள்ளும். அதனால் குழாயை மாற்றி, மூன்றடி உயரத்துக்குப் பூச்சைச் செங்கல்வரை கொத்தி எடுத்து, காயவிட்டோம். மழைக்காலம் வேறு. மூன்று வாரம் மின்விசிறியைப் போட்டே வைத்திருந்தேன். அதன் பிறகுதான் புதுப் பூச்சு. அது காய்ந்த பிறகுதான் பிரைமர். இந்த இடத்தில் அவசரப்படுகிறவர்கள் இரண்டாம் முறையும் செலவு செய்வார்கள். வீட்டை அழகாக்குவது வேறு, குறையை மூடுவது வேறு. குடிவருகிறவரின் பிள்ளை அந்தச் சுவரை ஒட்டித்தான் படுக்கும்.

ஆணிகளைப் பிடுங்கி, ஓட்டைகளுக்குப் பட்டி பார்த்து, வீடு முழுவதற்கும் ஒரே நிறம் அடித்தோம், லேசான சந்தன வெள்ளை. முன்பு கூடத்தில் பச்சை, அறையில் ரோஜா என்று இருந்தது. ஒவ்வொரு வாசற்படியிலும் நிறம் மாறினால் சின்ன வீடு இன்னும் சின்னதாகத் தெரிகிறது.

தரை மொசைக். "டைல்ஸ் போட்டுடுங்க, இப்ப எல்லாரும் அதைத்தான் கேக்குறாங்க" என்றார் தரகர். எனக்கு மனசில்லை. மெஷின் வைத்து, தண்ணீர் விட்டு, கல் மாற்றி மாற்றித் தேய்த்தார்கள். இரண்டு நாள் வீடு முழுக்கச் சேறு. மூன்றாம் நாள் முப்பது வருட அழுக்குக்குக் கீழேயிருந்து கறுப்பும் வெள்ளையுமாகச் சில்லுகள் பளிச்சென்று வந்தன. குளியலறை ஓரத்தில் மட்டும் தரை சொரசொரப்பாகவே நின்றது. போர் தண்ணீரின் உப்புக் கறை போக அங்கே வருடக்கணக்கில் ஆசிட் ஊற்றியிருக்கிறோம். மொசைக்கில் இருப்பது சிமென்டும் பளிங்குச் சில்லும். ஆசிட் இரண்டையும் அரிக்கும். குழாய்களில் படிந்த வெள்ளைக் கறைக்கு, வினிகரில் நனைத்த துணியை அரை மணி நேரம் சுற்றிவைத்துத் தேய்த்தாலே போதும். அதுவும் தரையில் சொட்டக்கூடாது.

விளக்கில் நான் கொஞ்சம் தடுமாறினேன். படித்ததை நம்பி எல்லா அறைகளிலும் மஞ்சள் வெளிச்சம் போட்டேன். பார்க்க வந்த மாமி ஒருவர், "என்னம்மா, லோ வோல்டேஜா?" என்று கேட்டார். சமையலறையிலும் கூடத்திலும் வெள்ளையை மாட்டிவிட்டு, படுக்கையறைகளில் மட்டும் 3000 கெல்வின் மஞ்சளை விட்டேன். அரிசியில் கல் பார்க்கும் இடத்துக்கு வெள்ளைதான் சரி.

சாமான்களை எடுத்த பிறகு வேறொரு சிக்கல். வெற்று அறையைப் பார்த்து, "இதுல டபுள் காட் போட்டா நடக்க இடம் இருக்குமா?" என்று கேட்டார்கள். வாடகைக்குக் கட்டில் எடுத்துப் போடச் சொன்னாள் தோழி. நான் கோலமாவை எடுத்தேன். ஆறரை அடிக்கு ஐந்தடி கட்டில், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் என்று அந்தந்த இடத்தில் தரையில் கோடு போட்டேன். வந்தவர்கள் அந்தக் கட்டத்தைச் சுற்றி நடந்து பார்த்தார்கள். ஒரு பையன் கட்டிலுக்குள்ளே போய்ப் படுத்தே விட்டான்.

படம் எடுத்தது காலை பத்து மணிக்கு, எல்லா ஜன்னல்களையும் திறந்துவைத்து, அறை மூலையில் நின்று, போனை மார்பு உயரத்தில் படுக்கைவசமாகப் பிடித்து. அறையை அகலமாகக் காட்டும் லென்ஸ் வேண்டாம். படத்தில் கல்யாண மண்டபமாகத் தெரிந்த கூடத்துக்கு நேரில் வருகிறவர் வாசலிலேயே ஏமாந்துபோவார். அழகான மூலைகளோடு சம்ப், தண்ணீர் மோட்டார், மாடிப்படி, வண்டி நிறுத்தும் இடம் எல்லாவற்றையும் சேர்த்தேன். சென்னையில் முதல் கேள்வி தண்ணீர்தான். இரண்டாவது, "2015 டிசம்பர் வெள்ளத்துல இங்க தண்ணி வந்துதா?" தெருவில் நின்றது, படியேறவில்லை என்று கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.

முன்பணத்தையும் குறைத்தேன். பத்து மாத வாடகை என்பது ஊர்ப் பழக்கம். 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. முன்பணம் குறைவது இளம் குடும்பங்களுக்குப் பெரிய ஆறுதல்.

மாதம் 18,000 ரூபாய் வாடகையில் ஐப்பசிவரை மட்டும் நான்கு மாதம் பூட்டிக் கிடந்து 72,000 போயிருந்தது. வேலைகளுக்கெல்லாம் சேர்த்து 44,000 ஆனது. மார்கழியில் ஐந்து பேர் பார்த்தார்கள். மூன்றாவதாக வந்தவர்கள் அன்றைக்கே முன்பணம் கொடுத்து, தை இரண்டாம் வாரத்தில் பால் காய்ச்சினார்கள். வாடகையில் ஒரு ரூபாய் குறைக்கவில்லை.

பத்து நாள் கழித்து அந்த வீட்டுப் பெண் போன் செய்தார். "மேடம், ஹால்ல ஒரே ஒரு ஆணி அடிச்சுக்கட்டுமா? காலண்டர் மாட்டணும்."

"எங்கேம்மா?"

"கிச்சன் வாசலுக்குப் பக்கத்துல. சமைச்சுக்கிட்டே தேதி பாக்கலாம்ல."

அம்மாவும் அங்கேதான் மாட்டியிருந்தாள். பட்டி பார்த்த இடம், சுத்தியலால் அடித்தால் பெயர்ந்துவிடும், டிரில் போட்டுப் பிளக் வைத்துத் திருகாணி மாட்டிக்கொள்ளுங்கள் என்றேன்.