பேறுகால வேதனை நீள்வது ஏன்?

வேதனை தொடங்கியதும் உற்றார் வினவுவது, "இன்னும் எத்தனை நேரம் ஆகும்?" என்பதே. இதற்கு எல்லோருக்கும் பொருந்தும் விடை கிடையாது. ஆயினும் நேரம் நீள்வதற்கும் குறைவதற்கும் காரணங்கள் உள.

முதன்மையானது, தலைப்பிரசவமா அன்றா என்பது. தலைப்பிரசவத்தில் கருப்பையின் வாய் பெரும்பாலும் முதலில் மெலிந்து, பின்னரே விரிகிறது. முன்னரே பெற்ற தாயிடத்தில் மெலிதலும் விரிதலும் ஒருங்கே நிகழ்கின்றன; இடுப்பின் தசைகளும் எளிதில் இடங்கொடுக்கின்றன. அடுத்தது குழந்தையின் கிடப்பு. தலை கீழாக உள்ள குழந்தையின் முகம் தாயின் முதுகுப்புறம் நோக்கியிருத்தல் நன்று. வயிற்றுப்புறம் நோக்கியிருப்பின் தலை வெகுவாகச் சுழன்று திரும்ப வேண்டியிருத்தலால் வேதனை நீளும், முதுகுவலியும் மிகும். கருப்பை சுருங்கும் வலிமை, குழந்தையின் பருமன், இடுப்பெலும்பின் அமைப்பு ஆகியவையும் கணக்கில் சேரும்.

1955-இல் அமெரிக்க மருத்துவர் இமானுவேல் ஃபிரீட்மன் 500 தலைப்பிரசவங்களை ஆராய்ந்து, கருப்பை வாய் விரியும் வேகத்தை வரைபடமாகத் தந்தார். அவ்வழி வந்த ஆய்வுகளால், மணிக்கு 1 சென்டிமீட்டர் விரிய வேண்டும் என்னும் அளவுகோல் உலகெங்கும் பரவிற்று. இவ்வேகம் பல பெண்களுக்குப் பொருந்தாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2018-இல் தெளிவுபடுத்தியது. அதன்படி, வாய் 5 சென்டிமீட்டர் விரிந்த பின்னரே வேதனை முனைப்படைந்ததாகக் கொள்ள வேண்டும். அதிலிருந்து முழுதும் விரிவதற்குத் தலைப்பிரசவத்தில் 12 மணி நேரமும், ஏனைய பேறுகளில் 10 மணி நேரமும் பொதுவாக மிகுவதில்லை. அதற்கு முந்திய கட்டத்திற்கோ இத்தகைய வரையறை இல்லை. முதல் வலி கண்ட நேரத்திலிருந்தே எண்ணத் தொடங்குவோர் வீணே அஞ்ச நேர்வது இதனாலேயே.

நேரத்தைக் குறைக்கும் எளிய வழிகள் சில உண்டு. மல்லாந்து படுத்தே இராமல் தாய் நடமாடலாம், நிமிர்ந்து அமரலாம். நம்பிக்கைக்குரிய துணை ஒருவர் உடனிருத்தலும் பயன் தருவது ஆய்வுகளால் தெரியவந்துள்ளது. சிறுநீர் தேங்கினால் தலை இறங்குவது தடைப்படும். அவ்வப்போது கழிக்கச் செய்தல் வேண்டும்.

"விரைவில் பிறக்கட்டும்" என்னும் குடும்பத்தாரின் வேண்டுகோளுக்கு இணங்கி, வீட்டிலேயே ஆக்ஸிடோசின் ஊசி போடுவது பெருந்தீங்கு. சுருக்கங்கள் ஓய்வின்றித் தொடர்ந்தால் குழந்தைக்குப் பிராணவாயு குறையும். கருப்பை கிழியவும் கூடும். கண்காணிப்பும் அறுவைச் சிகிச்சை வசதியும் உள்ள மருத்துவமனைக்கே அம்மருந்து உரியது.

கடிகாரம் எதைக் காட்டினும், குருதி பெருகினாலோ, கை முன்வந்தாலோ, குழந்தையின் இதயத்துடிப்பு நிமிடத்திற்கு 110-க்குக் குறைந்தோ 160-க்கு மிகுந்தோ நீடித்தாலோ, தாயை உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். வலி கண்ட நேரத்தையும், வாய் விரிந்த அளவையும் சீட்டில் எழுதித் தர வேண்டும்.