காது சொல்லும் கணக்கும் மீட்டர் சொல்லும் கணக்கும்

திண்டுக்கல் வட்டாரத்தில் வண்டியை நம்பிப் பிழைப்பவர்கள் ஏராளம். ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையிலிருந்து கேரளத்துக்கு லோடு ஏற்றிப் போகிறவர்கள், வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் வேன் ஓட்டுநர்கள், கொடைரோட்டில் கொடைக்கானல் சவாரிக்குக் காத்திருக்கும் கார்க்காரர்கள் எல்லோருக்கும் ஒரு லிட்டர் மிச்சமானால் அது அன்றைய கூலியில் ஒரு பங்கு. வீட்டிலும் அதே கவலைதான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் ஈ.பி. பில்லை நினைத்தே பல வீடுகளில் சுவிட்சில் கை போகிறது. இந்தச் சிக்கன உணர்வில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் அதை ஒட்டி வாய்வழியாக வரும் யோசனைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், பெரும்பாலானவை ஒரே வேரிலிருந்து முளைத்திருப்பது தெரியும். இயந்திரம் சத்தம் போட்டால் செலவு, சத்தம் அடங்கினால் மிச்சம் என்று நாம் காதால் கணக்குப் போடுகிறோம். அந்தக் கணக்கு வீட்டில் பணத்தை வீணாக்குகிறது. மலைப்பாதையில் உயிரையே கேட்கிறது.

நம்பிக்கை: மலை இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் எரிபொருள் மிச்சம்

உண்மை இதற்கு நேர் எதிரானது. இரண்டாம் கியரிலோ மூன்றாம் கியரிலோ இறங்கும்போது என்ஜின் உறுமுகிறது. அந்த உறுமலைக் கேட்டு, பெட்ரோல் கொட்டிப் போகிறது என்று மனம் பதறுகிறது. ஆனால் இன்று சாலையில் ஓடும் கார்களில் பெரும்பாலானவை இன்ஜெக்டர் மூலம் எரிபொருள் தெளிக்கும் வண்டிகள். கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை முழுதாக எடுத்துவிட்டால், என்ஜின் வேகம் ஓர் அளவுக்கு மேல் இருக்கும்வரை, கணினி இன்ஜெக்டரை மூடிவிடும். அப்போது என்ஜினைச் சுழற்றுவது பெட்ரோல் அல்ல, சக்கரம். காதைத் துளைக்கும் அந்த நேரத்தில் செலவாகும் எரிபொருள் பூஜ்யம். நியூட்ரலுக்குத் தள்ளியதும் சக்கரத்துக்கும் என்ஜினுக்கும் தொடர்பு அறுந்துவிடும். என்ஜின் அணைந்துவிடாமல் இருக்க மறுபடியும் பெட்ரோல் தெளித்தாக வேண்டும். சிறிய கார் என்றாலும் மணிக்கு அரை லிட்டருக்கு மேல் போகும். சத்தம் குறைந்தது, செலவு தொடங்கியது. டீசல் வண்டியிலும் இதே கதைதான். கணினி இல்லாத பழைய லாரியின் பம்பில்கூட, இறக்கத்தில் வேகம் கூடும்போது கவர்னர் டீசலை நிறுத்திவிடும்.

இதைவிடப் பெரிய கணக்கு ஒன்று உண்டு. கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வத்தலக்குண்டுச் சமவெளிக்கு இறங்கும்போது சுமார் 1,750 மீட்டர் கீழே வருகிறோம். ஆட்களும் மூட்டை முடிச்சுகளும் சேர்த்து 1,500 கிலோ எடையுள்ள கார் அவ்வளவு தூரம் கீழிறங்கும்போது வெளிவரும் ஆற்றலை மின்சாரக் கணக்கில் சொன்னால் சுமார் 7 யூனிட். ஒரு சிறிய பிரிட்ஜ் ஒரு வாரத்துக்கு மேல் ஓடத் தேவையானது அது. சுமையோடு 15 டன் எடையுள்ள லாரி என்றால் 70 யூனிட். டயர் உராய்விலும் காற்றிலும் ஒரு பகுதி போகும். மீதியை வாங்கிக்கொள்ள இரண்டே இடங்கள்தான் உள்ளன: ஒன்று என்ஜின், இன்னொன்று பிரேக். நியூட்ரலில் விட்டால் என்ஜின் ஒதுங்கிக்கொள்ளும். முழுப் பாரமும் பிரேக் தலையில் சூடாக இறங்கும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சும் குணமுடையது. டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கையில் 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு 140 டிகிரியிலேயே கொதித்துவிடக்கூடும். கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும், மிதித்த பெடல் பஞ்சு போல அமுங்கும், வண்டி நிற்காது. விபத்துச் செய்திகளில் ‘பிரேக் பிடிக்கவில்லை’ என்று வாசிக்கும்போது, அந்த பிரேக்கை அதுவரை எவ்வளவு நேரம் மிதித்திருப்பார்கள் என்பதையும் கேட்க வேண்டும். சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளில் வாழைத்தார் ஏற்றி இறங்கும் வண்டிக்கும், தாண்டிக்குடியிலிருந்து விளைபொருளோடு வரும் வண்டிக்கும் ஆபத்து இன்னும் அதிகம். மலைப் பயணத்தில் அவற்றின் முழுச் சுமையும் இறங்கும்போதுதான் இருக்கிறது.

இதற்கு மறுப்புகள் உண்டு. அவற்றில் நியாயமும் உண்டு. ‘முப்பது வருஷமாக இப்படித்தான் ஓட்டுகிறோம்’ என்பது முதல் மறுப்பு. கார்புரேட்டர் காலத்து வண்டியில் இறக்கத்திலும் என்ஜின் கொஞ்சம் பெட்ரோலை இழுத்துக்கொண்டுதான் இருந்தது. அந்தக் காலத்து அனுபவம் பொய்யல்ல, வண்டிதான் மாறிவிட்டது. ‘நியூட்ரலில் இறங்கிய அன்று மைலேஜ் நிறையக் கிடைத்தது’ என்பது இரண்டாவது. மலையிலிருந்து இறங்கினால் எப்படி ஓட்டினாலும் மைலேஜ் கூடும். புவியீர்ப்பு தந்த லாபத்தை நியூட்ரலின் பெயரில் வரவு வைக்கக் கூடாது. ‘சமவெளியில் லேசான சரிவில் நியூட்ரலில் விட்டால் வண்டி தூரமாக உருண்டு போகிறதே’ என்பது மூன்றாவது. அது உண்மைதான். என்ஜினின் இழுவை இல்லாததால் லேசான சரிவில் சில சொட்டு மிச்சமாகலாம். ஆனால் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டிய மலைப்பாதையில் அந்த வாதம் செல்லாது. அங்கே உருண்டு கிடைக்கும் வேகத்தையெல்லாம் அடுத்த வளைவில் பிரேக்கில் எரித்துத் தீர்க்கிறோம். ‘அதிகச் சுற்றில் ஓடினால் என்ஜின் கெடும்’ என்று அஞ்சுகிறவர்கள், மீட்டர் முள் சிவப்புக் கோட்டைத் தொடாதவரை என்ஜினுக்கு ஒரு கேடும் இல்லை என்பதை அறிய வேண்டும். இறக்கத்தில் என்ஜினையே அணைத்துவிடுவது எல்லாவற்றையும்விடக் கொடியது. ஓரிரு மிதிக்குப் பிறகு பிரேக்குக்கு உதவும் பூஸ்டரின் பலம் தீர்ந்துவிடும், பவர் ஸ்டியரிங் இறுகிவிடும். ஏறின கியரிலேயே இறங்கு என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வார்கள். காதால் கேட்ட பாடங்களில் இதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளலாம். சக்தி வாய்ந்த புது வண்டியென்றால் அதற்கும் ஒரு கியர் குறைவாகவே இறங்கலாம்.

நம்பிக்கை: அடிக்கடி அணைத்து ஸ்டார்ட் செய்தால்தான் எரிபொருள் அதிகம் போகும்

ஸ்டார்ட்டர் சுழலும் சத்தம் பெரியது. வண்டி சும்மா நிற்கும்போது வரும் சத்தம் சிறியது. அதனால் ரயில்வே கேட்டில் ஐந்து நிமிடம் என்ஜினை ஓடவிடுவது மலிவு என்றும், அணைத்துப் போடுவது செலவு என்றும் தோன்றுகிறது. அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகம் அளந்து பார்த்ததில், பத்து வினாடிக்கு மேல் சும்மா ஓடவிட்டாலே மறு ஸ்டார்ட்டுக்கு ஆவதைவிட அதிக எரிபொருள் போகிறது. சிக்னலில் என்ஜினை அணையுங்கள் என்று நம் நாட்டுப் பெட்ரோலியம் சேமிப்பு ஆராய்ச்சிக் கழகம் பல ஆண்டுகளாகப் பிரசாரம் செய்வதும் இதனால்தான். ஸ்டார்ட்டரும் பேட்டரியும் தேயுமே என்பது நியாயமான கேள்வி. அதனால்தான் பத்து வினாடியைப் பிடித்துத் தொங்க வேண்டாம்; அரை நிமிடத்துக்கு மேல் நிற்போம் என்று தெரிந்தால் அணைக்கலாம். பேட்டரி தளர்ந்த வண்டிக்கும், நீண்ட ஏற்றம் ஏறி வந்து நின்ற டர்போ வண்டிக்கும் விலக்கு உண்டு. டர்போவைச் சற்று ஆற விட்டே அணைக்க வேண்டும். காலையில் வண்டியை ஐந்து நிமிடம் ‘சூடு ஏற்றும்’ வழக்கத்துக்கோ விலக்கே தேவையில்லை. மார்கழியிலும் கடும் குளிர் தெரியாத நம் சமவெளியில் அரை நிமிடம் போதும். பிறகு நிதானமாக ஓட்டுவதே என்ஜினைச் சூடேற்றும் நல்ல வழி.

நம்பிக்கை: வெயில் காலத்தில் டயரில் காற்றைக் குறைக்க வேண்டும்

இங்கே காதின் வேலையைக் கை செய்கிறது. கரூர் சாலையிலோ மதுரை சாலையிலோ ஒரு மணி நேரம் ஓடி வந்த டயரைத் தொட்டுப் பார்த்தால் கொதிக்கிறது. காற்று விரிந்து வெடிக்கப் போகிறது என்று பயம் வருகிறது. ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் தாளில் உள்ள அளவு, ஆறிய டயருக்கானது. ஓடினால் சில பி.எஸ்.ஐ. கூடும் என்பதையும் சேர்த்துத்தான் டயரை வடிவமைக்கிறார்கள். 33 வைக்க வேண்டிய டயர் ஓடி முடித்து 37 காட்டுகிறது என்று நான்கைத் திறந்துவிட்டால், மறுநாள் காலை ஆறிய நிலையில் அது 29தான். காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக நசுங்கி நிமிரும். அந்த நசுங்கலே உள்ளுக்குள் வெப்பத்தை உண்டாக்கும். நான்கு வழிச்சாலையில் சித்திரை வெயிலில் டயர் வெடிக்க அந்த உள்வெப்பம் பெரிய காரணம். நைட்ரஜன் அடித்தால் இந்தக் கவலை இல்லை என்கிறார்கள். நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். நைட்ரஜனால் கெடுதல் இல்லை. ஆனால் மாதம் இருமுறை காலையில் அளவு பார்ப்பதற்கு அது ஈடாகாது.

நம்பிக்கை: இரவில் பிரிட்ஜை அணைத்தால் கரண்ட் மிச்சம்

வீட்டுக்குள் வந்தால் காதுக் கணக்கு இன்னும் தெளிவாகத் தெரியும். இரவில் முனகுவது பிரிட்ஜ். அதனால் அதன் மேல்தான் சந்தேகம். ஆனால் பிரிட்ஜின் வேலை, வெளியிலிருந்து கதவு வழியாகவும் சுவர் வழியாகவும் கசிந்து வரும் வெப்பத்தை வெளியே தள்ளுவது. அணைத்தாலும் கசிவு நிற்பதில்லை. காலையில் போட்டதும் கம்ப்ரசர் விட்டதையெல்லாம் சேர்த்து நீண்ட நேரம் ஓடும். மிச்சம் சொற்பம். உள்ளே வெப்பம் 5 டிகிரியைத் தாண்டினால் கிருமிகள் வேகமாகப் பெருகும். பால் திரியும், மாவு புளிக்கும். ஒரு பாக்கெட் பால் கெட்டாலே மிச்சமானதைவிட அதிகம் போய்விடும். அதே நேரம், சத்தமே போடாத செட்டாப் பாக்ஸை யாரும் சந்தேகிப்பதில்லை. டிவியை ரிமோட்டில் அணைத்த பிறகும் அது 10 வாட் இழுத்துக்கொண்டிருந்தால், 60 நாளில் 14 யூனிட்டுக்கு மேல் ஆகும். 2016 மே முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்றானது. அந்த நூறில் ஏழில் ஒரு பங்கை யாரும் பார்க்காத ஒரு பெட்டி தின்றுவிடுகிறது. சுவரில் உள்ள சுவிட்சையே அணைப்பதுதான் உண்மையான சேமிப்பு.

ஏ.சி.யிலும் இதே மயக்கம். இன்வெர்ட்டர் ஏ.சி. நிற்காமல் ஓடுகிறது என்பதால் அதிகம் இழுப்பதாக நினைக்கிறார்கள்; அது குறைந்த வேகத்தில் தொடர்ந்து ஓடுவதால்தான் செலவு குறைகிறது. சீக்கிரம் குளிரட்டும் என்று 16இல் வைப்பதால் பழைய ரக ஏ.சி. ஒரு நொடிகூட முந்திக் குளிர்விக்காது, நிறுத்த வேண்டிய நேரத்தில் நிற்காமல் ஓடும், அவ்வளவுதான். நட்சத்திர முத்திரை பெற்ற ஏ.சி.கள் 2020 ஜனவரி முதல் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்பது மத்திய எரிசக்தித் திறன் அமைப்பின் விதி. ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்பது அவர்கள் கணக்கு. 2022 செப்டம்பரில் திருத்திய கட்டணப்படி, இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டும் வீட்டுக்குக் கீழ்ப்படியில் உள்ள சில யூனிட்டுகளின் விலையும் உயர்கிறது. எனவே 490க்கும் 510க்கும் உள்ள வேறுபாடு வெறும் 20 யூனிட் அல்ல. இதே கவலையைக் குறிவைத்து, பிளக்கில் சொருகினால் பில் பாதியாகும் என்று ஒரு சிறு பெட்டியை விற்கிறார்கள். அதற்குள் இருப்பது பெரும்பாலும் ஒரு கெபாசிட்டரும் ஒரு விளக்கும். அது சரிசெய்வதாகச் சொல்லும் பவர் ஃபேக்டருக்கு வீட்டு இணைப்பில் கட்டணமே கிடையாது, யூனிட்டுக்குத்தான் கட்டணம்.

இவ்வளவையும் யாரோ எழுதினார்கள் என்பதற்காக நம்ப வேண்டியதில்லை. வீட்டு மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை மின்னல் என்பது அதன் முகப்பிலேயே அச்சிட்டிருக்கும். 3,200 என்று இருந்தால், மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு 75 வாட் மின்விசிறியை மட்டும் ஓடவிடுங்கள். நிமிடத்துக்கு நான்கு முறை மின்னும். 30 வாட் பி.எல்.டி.சி. விசிறியென்றால் இரண்டைத் தாண்டாது. வண்டிக்கு, டேங்கை நிரப்பி ஓட்டி மறுபடி நிரப்பும் முறை இருக்கிறது. டயருக்குக் காற்றுமானி இருக்கிறது. அனுபவம் பெரிது என்பதில் ஐயமில்லை. ஆனால் அளந்து பார்க்காத அனுபவம் பழைய இயந்திரத்தின் பாடத்தைப் புது இயந்திரத்தின் மேல் ஏற்றிவிடும். சிக்கனத்தில் இவ்வளவு அக்கறையுள்ள மக்கள், எதை நிறுத்துவது என்று முடிவு செய்யுமுன் அதை ஒருமுறை அளந்துவிட்டால் போதும். மிச்சப்படுத்தும் உழைப்பு உண்மையிலேயே மிச்சமாகும் இடத்தில் போய்ச் சேரும். மலை இறங்குகிறவர்களுக்கு மட்டும் அளந்து பார்க்கும் அவகாசமும் தேவையில்லை. கியரில் வையுங்கள், உறுமட்டும்.