கடனும் ரொக்கமும் ஒரே படத்தில்
வியாபாரக் கணக்குப் பாடம்



சென்ற பாடத்தில் அன்றாட விற்பனையை எக்ஸெல் ஏட்டில் பதிந்து வரும் முறையைக் கண்டோம். இம்முறை அந்த ஏட்டிலிருந்து ஒரு படம் எடுப்பதைச் சொல்ல விரும்புகிறோம். படம் என்றதும், இது ஆபீஸ் பிள்ளைகளின் வேடிக்கை, நமக்கெதற்கு என்று பெரியவர்கள் சிலர் எண்ணக்கூடும். அப்படியல்ல. விற்பனை சென்ற ஆண்டை விடக் கூடியிருக்கிறது, ஆனால் சரக்குக்காரருக்குக் கொடுக்கப் பெட்டியில் பணமில்லை. பணம் எங்கே போயிற்று என்றும் தெரியவில்லை. இந்த நிலையில் நம்மில் எத்தனையோ பேர் நின்றிருக்கிறோம். விடை ஏட்டில்தான் இருக்கிறது. எண்களின் நெருக்கத்தில் அது கண்ணுக்குப் படுவதில்லை, அவ்வளவுதான்.

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்ளும்படி அல்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் 282-ஆம் வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. திருமறையிலேயே மிக நீண்ட வசனம் அதுவே என்பதை ஆலிம்கள் எடுத்துச் சொல்லக் கேட்டிருக்கிறோம். எழுதுவதை நம்மவர்கள் ஒருவாறு செய்துதான் வருகிறார்கள். எழுதியதைத் திரும்பப் பார்ப்பதில்தான் சுணக்கம்.

கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா சாலையில் ஒரு துணிக்கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். பாஜு கூரோங் துணியும் துடோங்கும் சில்லறையாக விற்கிறது. கம்பத்துக் கடைக்காரர்களுக்கு மொத்தமாகவும் போகிறது. 2024, 2025 ஆகிய இரண்டு ஆண்டுகளின் முதல் ஆறு மாத விற்பனை, ஆயிரம் வெள்ளிக் கணக்கில், பின்வருமாறு என்று கொள்வோம்.

முதல் காலாண்டு, 2024: கடன் 30, ரொக்கம் 60, கார்டும் கியூஆரும் 50.
முதல் காலாண்டு, 2025: கடன் 50, ரொக்கம் 75, கார்டும் கியூஆரும் 85.
இரண்டாம் காலாண்டு, 2024: கடன் 35, ரொக்கம் 95, கார்டும் கியூஆரும் 70.
இரண்டாம் காலாண்டு, 2025: கடன் 55, ரொக்கம் 45, கார்டும் கியூஆரும் 50.

இதைக் காட்ட எக்ஸெலில் இருவகைத் தூண் படங்கள் ஆயத்தமாக உள்ளன. ஒன்றில் தூண்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். 2024-ஐயும் 2025-ஐயும் ஒப்பிட அது நல்லது. ஆனால் மொத்த விற்பனை அதில் தெரியாது. மற்றொன்று அடுக்குத் தூண். கிட்டங்கியில் மூட்டையின் மேல் மூட்டை அடுக்குவது போல், கடனின் மேல் ரொக்கமும் அதன் மேல் கார்டும் ஏறி நிற்கும். மொத்தமும் தெரியும், அதன் உட்பிரிவும் தெரியும். நமக்கு வேண்டியது இரண்டும் சேர்ந்த படம்: ஒவ்வொரு காலாண்டுக்கும் இரண்டு அடுக்குத் தூண்கள் ஜோடியாக நிற்க வேண்டும். அப்படி ஒரு படத்தை எக்ஸெல் நேராகத் தருவதில்லை. ஆயினும் கணக்கை எழுதும் வரிசையை மாற்றினால் போதும், தானே அமைந்துவிடும்.

செய்யும் விதம் இது. ஏ1, பி1 ஆகிய இரண்டு கட்டங்களையும் காலியாக விடுங்கள். சி1-இல் கடன், டி1-இல் ரொக்கம், ஈ1-இல் கார்டு, கியூஆர் என்று தலைப்பிடுங்கள். ஏ2-இல் ‘முதல் காலாண்டு’, பி2-இல் 2024, பிறகு அதன் மூன்று தொகைகள். அடுத்த வரியில் ஏ3 காலி, பி3-இல் 2025, அதன் தொகைகள். நான்காம் வரி முழுவதும் காலி. இதை மறக்கக் கூடாது. ஐந்தாம் வரியில் ‘இரண்டாம் காலாண்டு’, 2024. ஆறாம் வரியில் 2025. ஆண்டை எழுதும்போது முன்னால் ஒற்றை மேற்கோள் குறி ஒன்று தட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் 2024 என்பதையும் ஒரு விற்பனைத் தொகை என்று நினைத்து எக்ஸெல் வானளாவத் தூண் எழுப்பிவிடக்கூடும்!

பிறகு ஏ1 முதல் ஈ6 வரை தேர்ந்தெடுத்து, ‘இன்செர்ட்’ பகுதியில் தூண் படத்தின் அடையாளத்தைத் தட்டி, ‘ஸ்டேக்டு காலம்’ என்பதை எடுங்கள். பக்கத்திலேயே எல்லாத் தூண்களையும் நூறு சதவீதமாக ஒரே உயரத்துக்கு நிறுத்தும் வகையும் இருக்கிறது, அது வேண்டாம். முப்பரிமாணப் படமும் வேண்டாம். பார்க்க அழகாயிருக்கும், உயரத்தை அளக்க உதவாது. படத்தில் வரிகளும் பத்திகளும் இடம் மாறி வந்துவிட்டால் ‘ஸ்விட்ச் ரோ/காலம்’ என்பதைத் தட்டினால் சரியாகும். கடைசியாக ஒரு தூணின் மேல் வலது பொத்தானைத் தட்டி, ‘ஃபார்மேட் டேட்டா சீரிஸ்’ என்பதில் ‘கேப் விட்த்’ அளவை 10 சதவீதமாகக் குறையுங்கள். ஒரே காலாண்டின் இரண்டு தூண்களும் நெருங்கி நிற்கும். நாம் காலியாக விட்ட நான்காம் வரி, காலாண்டுகளுக்கு நடுவே சந்து போல விரியும். காலாண்டின் பெயர் ஜோடியின் நட்டநடுவில் இல்லாமல் சற்று வலப்பக்கம் தள்ளி விழும். அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

கடனை ஏன் முதல் பத்தியில் வைத்தோம் என்று கேட்கலாம். அட்டவணையில் முதலில் வருவது தூணில் அடியில் போய் நிற்கும். அடியில் நிற்கும் பகுதி மட்டுமே எல்லாத் தூண்களிலும் ஒரே தரையிலிருந்து தொடங்குகிறது. மேலே ஏறியவை வெவ்வேறு உயரத்தில் தொடங்குவதால், எது பெரிது எது சிறிது என்பதைக் கண் சரியாகச் சொல்லாது. ஆகவே எதை முக்கியமாகக் கவனிக்க வேண்டுமோ அதை அடியில் வையுங்கள். கடனுக்குத் துலக்கமான ஒரு நிறத்தையும் கொடுத்துவிடுங்கள்.

இப்பொழுது படத்தைப் பாருங்கள். முதல் காலாண்டுத் தூண் 140-லிருந்து 210-க்கு ஏறியிருக்கிறது. இரண்டாம் காலாண்டுத் தூண் 200-லிருந்து 150-க்கு விழுந்திருக்கிறது. வியாபாரம் படுத்துவிட்டது, ஆளைக் குறைக்க வேண்டும் என்று ஒரு கூட்டாளி சொல்வார். அவசரப்படக் கூடாது. 2024-இல் நோன்பு மார்ச் 12-இல் தொடங்கி, ஏப்ரல் 10-இல் பெருநாள் வந்தது. 2025-இல் மார்ச் 2-இல் நோன்பு தொடங்கி, மார்ச் 31-இல் பெருநாள். துணிக்கடைக்கு உயிர்நாடியான கடைசிப் பத்து நாள் வியாபாரம் 2024-இல் பெரும்பாலும் ஏப்ரலில், அதாவது இரண்டாம் காலாண்டில் விழுந்தது. 2025-இல் முழுவதும் மார்ச்சிலேயே முடிந்துவிட்டது. நம் பிறைக் கணக்கு ஆங்கில ஆண்டைவிடச் சுமார் பதினொரு நாள் குறைவாயிருப்பதால் வரும் மாறுதல் இது. காலாண்டு என்பது வரி அலுவலகத்துக்குப் பொருந்தலாம். நம் கடைத்தெருவுக்கு எப்போதும் பொருந்துவதில்லை.

ஆகவே படத்தில் காலாண்டுப் பெயர்களுக்குப் பதிலாக ‘நோன்புக்கு முந்திய மாதம்’, ‘நோன்பு மாதம்’, ‘பெருநாளுக்குப் பிந்திய மாதம்’ என்று மூன்று ஜோடிகள் அமைப்பதே நேர்மையான ஒப்பீடு. இந்த இரண்டு ஆண்டுகளிலும் நம் நாட்டில் நோன்பு 29 நாட்களாகவே அமைந்ததால் நாள் கணக்கிலும் வேற்றுமையில்லை. அன்றாட ஏட்டில் தேதி இருக்குமானால், தொடக்கத் தேதியையும் முடிவுத் தேதியையும் கொடுத்து ‘சம்இஃப்ஸ்’ வாய்பாட்டினால் தொகைகளைக் கூட்டிக்கொள்ளலாம்.

அவ்வளவுக்கு நேரமில்லாதவர்கள் ஆறு மாதத்தையும் ஒன்றாகச் சேர்த்தாவது பார்க்கட்டும். மொத்தம் 340-லிருந்து 360-க்கு ஏறியிருக்கிறது. வியாபாரம் படுக்கவில்லை. ஆனால் கைக்கு வந்த பணம், ரொக்கமும் கார்டும் சேர்த்து, 275-லிருந்து 255-க்கு இறங்கியிருக்கிறது. கடன் 65-லிருந்து 105-க்கு ஏறியிருக்கிறது. நூறு வெள்ளி விற்பனையில் பத்தொன்பது வெள்ளி கடனாயிருந்தது, இப்பொழுது இருபத்தொன்பதாகிவிட்டது. இரண்டாம் காலாண்டைத் தனியே பார்த்தால், விற்பனை விழுந்த அதே வேளையில் கடன் மட்டும் 35-லிருந்து 55-ஆகியிருக்கிறது. பெருநாளுக்குப் பின் மிஞ்சிய சரக்கைத் தள்ளிவிடக் கடனுக்கு அள்ளிக் கொடுத்திருக்கிறார்கள் என்றே தோன்றுகிறது. பெட்டியில் பணமில்லாததற்குக் காரணம் விற்பனை ஆள் அல்ல. ஆளைக் குறைத்தாலும் இந்த ஓட்டை அடைபடாது.

ஓர் எச்சரிக்கை. மே மாதம் வசூலான பழைய பாக்கியை மே மாத ரொக்க விற்பனையோடு சேர்த்து எழுதிவிடாதீர்கள். அந்தச் சரக்கு விற்ற அன்றே கடன் பத்தியில் ஏறிவிட்டது. மீண்டும் எழுதினால் ஒரே துணியை இருமுறை விற்றதாகும். பாக்கி வசூலுக்குத் தனிப் பத்தி வைத்துக்கொண்டு, அதைப் படத்தில் சேர்க்காமல் விடுங்கள். ஜகாத் கணக்குக்கும் இந்தப் படம் போதாது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறோம். அது விற்பனையின் மேல் அல்ல, ஆண்டு நிறைவில் உள்ள சரக்கு, பணம், வரவேண்டிய கடன் ஆகியவற்றை வைத்துப் பார்ப்பது. வராத கடனைப் பற்றி ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளவும்.

இந்தப் படத்துக்கு வேறொரு வழியும் உண்டு. ஓர் ஆண்டை இடப்பக்க அளவுகோலிலும், மற்றோர் ஆண்டை வலப்பக்கத்தில் ‘செகண்டரி ஆக்ஸிஸ்’ என்னும் இரண்டாவது அளவுகோலிலும் ஏற்றுவது அது. அதை நாம் வேண்டாம் என்றே சொல்வோம். ஒரு தூண் மற்றொன்றை மறைத்து நிற்கும் என்பது சிறிய குறை. பெரிய குறையை நாம் நேரில் கண்டிருக்கிறோம். இரண்டு கூட்டாளிகள் நடத்திய ஒரு கடையில், இளையவர் பழைய கடையின் விற்பனையை இடப்பக்கமும் புதிய கிளையின் விற்பனையை வலப்பக்கமும் ஏற்றிப் படம் வரைந்தார். இடப்பக்க அளவுகோல் 400 ஆயிரம் வரை. வலப்பக்கம் 80 ஆயிரம் வரை. இரண்டையும் எக்ஸெல் தானே வைத்துக்கொண்டது. 70 ஆயிரம் விற்ற கிளையின் தூண், 350 ஆயிரம் விற்ற கடையின் தூணுக்குச் சமமாக நிமிர்ந்து நின்றது! ஊரிலிருந்த மூத்த கூட்டாளி கைப்பேசியில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, கிளைக்கு மேலும் முதல் போடச் சம்மதித்தார். உண்மை தெரிந்தபின் இருவருக்கும் பல மாதம் பேச்சே இல்லை. இளையவரிடம் ஏமாற்றும் எண்ணம் சிறிதும் இல்லை. எங்கோ படித்தபடி செய்தார். எத்தனை தூண் நின்றாலும் ஒரே அளவுகோல்தான் இருக்க வேண்டும், அதுவும் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். கூட்டாளிக்கு அனுப்பும்போது படத்தோடு அட்டவணையையும் சேர்த்தே அனுப்புங்கள்.

படத்தை அச்சிட்டுக் கடையின் உள்ளறையில் ஒட்டி வைப்பதும் நல்லதே. ஒரு முதலாளி கடன் பகுதியை இன்னும் பிரித்து, வாங்கியவர் பெயர் வாரியாக அடுக்கி ஒட்டியிருந்ததைக் கண்டோம். சாயா கொண்டு வரும் பையன் முதல் எல்லோரும் படித்துக்கொண்டிருந்தார்கள். தொகையை மட்டும் படத்தில் காட்டிவிட்டு, பெயர்களைப் பேரேட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.