பல் உரைக்கும் பழைய உணவு

முன்னோர் உண்டதை, எழுத்துச் சான்று இல்வழியும், அவர்தம் பல்லால் அறியலாம். அம்முறையினை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

காபன் அணுக்களுள் நிறை 12 உடையனவே மிகப் பல. 13 உடையன நூற்றுக்கு ஒன்றளவே. இவ்விரண்டும் தாமே சிதையாதன. ஆதலின் நிலைத்த சமதானிகள் எனப்படும். நெல்லும் பனையும் காபன் 13 ஐக் குறைவாக ஏற்பன. குரக்கன், சாமை, தினை ஆகியன மிகுதியாக ஏற்பன. அடர்காட்டு நிழற்செடிகளில் அது மிகமிகக் குறைவு. இவ்வேறுபாடு உண்பவர் உடலிற் பதிகின்றது. பல்லின் மிளிரி இளமையில் உருவாகிப் பின் மாறாமையின், அப்பதிவு பல்லாயிரம் ஆண்டு நிலைக்கும்.

தென்னிலங்கைக் குகைகளாகிய பாகியன்கல, பட்டதொம்ப முதலியவற்றிற் கிடைத்த 26 மாந்தரின் பற்களை ஆராய்ந்த முடிபு 2015 இல் வெளிவந்தது. ஏறத்தாழ 20,000 ஆண்டுகட்கு முன்னரே அங்கு வாழ்ந்தோர் மழைக்காட்டு உணவையே பெரிதும் நம்பியிருந்தனர் என்பது அதனாற் புலனாயிற்று. வேட்டுவர் அடர்காட்டில் நிலைத்து வாழ்தல் அரிது என்ற பழைய கருத்து இதனால் தளர்ந்தது.

மாணாக்கர் ஒன்று நினைவிற் கொள்க. கடலுணவும் காபன் 13 ஐ மிகுவிக்கும். ஆகவே மீனோ குரக்கனோ எனத் துணிய, என்பிலுள்ள நைதரசனையும் ஆராய்தல் வேண்டும். கடல் சூழ்ந்த நம் குடாநாட்டிற்கு இது பெரிதும் பொருந்தும்.

1980 இல் ஆனைக்கோட்டை ஈமக்குழியில் மனித என்புகள் வெளிப்பட்டமை நாம் அறிந்ததே. கிணறு தோண்டுங்கால் பழம்பல் காணின் எறியற்க, அறிஞர்க்கு அறிவிக்க. எறிந்தால், நம் முன்னோர் ஒருவரின் வாய்மொழியையே எறிந்தவராவோம்.